அரபெல்லாவின் தாடி

உலகத்தில் கால்வாசியை யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்ட பிரிட்டிஷ் கடற்படையில், ஒரு மாலுமி தன் சொந்த முகத்தில் தாடி வளர்க்க வேண்டுமானால் கேப்டனிடம் அனுமதி கேட்க வேண்டும். அதிலும் 'தாடி வளர்க்க' என்று கேட்கக் கூடாது. 'சவரம் செய்வதை நிறுத்திக்கொள்ள' என்று கேட்க வேண்டும். வளர்த்ததை எடுப்பதற்கு 'சவரத்தை மீண்டும் தொடங்க' என்று இன்னொரு விண்ணப்பம். மீசை மட்டும் வைத்துக்கொள்வது குற்றம். முகம் மாலுமியுடையது, அதில் முளைப்பது மகாராணியாருடையது என்று ஏற்பாடு.

இந்தத் தாடிச் சலுகை வந்த வருஷம்தான் ஈனோக் பட்ஜ் கடற்படையில் சேர்ந்தான். சேர்ந்த அன்றைக்கே சவரத்தை நிறுத்த விண்ணப்பம் கொடுத்தான். நாட்டுப்பற்றில் சேர்ந்தவர்கள் உண்டு, பசியில் சேர்ந்தவர்கள் உண்டு. தாடிக்காகச் சேர்ந்தவன் இவன் ஒருத்தன்தான் என்று சக மாலுமிகள் கேலி செய்தார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பதினைந்து வருஷத்தில் அந்தத் தாடி மார்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குள் ஒரு தாடை ஒளிந்திருந்தது. தாடையில், கப்பி விழுந்து கிழித்து, குடிபோதையில் இருந்த ஒரு கப்பல் வைத்தியர் தைத்ததில் கொக்கி மாதிரி வளைந்துபோன தழும்பு. அந்தத் தழும்பின் சொந்தக்காரன் பெயர் பட்ஜ் அல்ல. ஜேபெஸ் டிரெவின். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் 'சாஃபிஞ்ச்' என்ற சின்னப் போர்க்கப்பலிலிருந்து சிட்னித் துறைமுகத்தில் தங்கம் தோண்ட ஓடிப்போனவன். 'வயது இருபது, செம்பட்டை மயிர், தாடையில் கொக்கித் தழும்பு' என்று போலீஸ் கெஜட்டில் பெயர் வந்தவன். ஈனோக் பட்ஜ் என்பது லிவர்பூலில் ஒரு ரொட்டிக் கடைப் பலகையில் அவன் பார்த்த பெயர். அன்றைக்கு அவனுக்கு ரொட்டியும் கிடைக்கவில்லை, பெயராவது இருக்கட்டும் என்று எடுத்துக்கொண்டான்.

மாட்டினால் சிறை. பதினைந்து வருஷச் சேவை தண்ணீரில் எழுதியதாகிவிடும். இன்னும் ஐந்தே வருஷத்தில் வரவேண்டிய பென்ஷன் போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே, மால்டாத் தீவில், செங்லியாவின் சந்து ஒன்றில், மிஸஸ் பட்ஜ் என்ற பெயரில் பதினோரு வருஷமாகக் குடித்தனம் செய்யும் ஸ்கொலாஸ்டிகா, உலகத்தில் இல்லாத ஒருத்தனின் மனைவி ஆகிவிடுவாள். சிறையைவிட இந்தக் கடைசியில் சொன்னதற்குத்தான் அவன் அதிகம் பயந்தான்.

கிளெமென்சி என்ற இரும்புப் போர்க்கப்பலில் அவனுக்குப் பாய் தைக்கிற வேலை. கிளெமென்சி என்றால் கருணை. சட்டைப் பித்தான் கழன்றிருந்தால் ஏழு நாள் தண்டனை கொடுக்கிற கப்பலுக்கு அந்தப் பெயரை வைத்தவர் வேடிக்கையான மனிதராக இருந்திருக்க வேண்டும். கப்பல் நீராவியில் ஓடியது. பாய்மரங்கள் அழகுக்கு நின்றன. அட்மிரலுக்கு இளமை திரும்பும் நாட்களில் மட்டும் பாயை விரிப்பார்கள். அதனால் பட்ஜின் ஊசி பெரும்பாலும் நிழல்துணியும் மாலுமிகள் படுக்கிற தூளியும் தைத்தது. மற்ற நேரத்தில் பெண்களுக்குப் பாவாடை தைத்தது.

பெண்கள் என்றால் தாடி மீசையை மழித்த மாலுமிகள். நாடகம் போட்டால் மாலுமிகள் குடிக்க மாட்டார்கள் என்று கடற்படையில் எந்த மேதையோ கண்டுபிடித்திருந்தார். கப்பலுக்குக் கப்பல் நாடகக் குழு கிளம்பியது. மாலுமிகள் குடித்துவிட்டு நாடகம் பார்க்க வந்தார்கள்.

கிளெமென்சியின் நாடகக் குழுவுக்கு எல்லாமே கமாண்டர் ஹெஸ்கெத். கேப்டனுக்கு அடுத்த ஸ்தானம் அவருடையது. கப்பல் ஓட்டுவதை அவர் ஒத்திகைக்கு நடுவே வரும் இடைஞ்சலாகத்தான் பார்த்தார். இந்தத் தடவை அவர் எடுத்துக்கொண்ட நாடகம் 'அரபெல்லாவின் சபதம், அல்லது கலங்கரை விளக்கத்துக் கொலை'. மூன்று அங்கம், இரண்டு கொலை, ஒரு பைத்தியம், கடைசியில் கல்யாணம். கதாநாயகன் எட்வின் பிரபு வேடம் கமாண்டருக்கே. எட்வின் பிரபுவுக்கு வயது இருபத்து மூன்று, கமாண்டருக்கு நாற்பத்தெட்டு. அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு உயிரை வெறுத்தவர்கள் கப்பலில் யாரும் இல்லை. அரபெல்லா வேடம் பிப் என்ற எழுத்தருக்கு. பக்கவாட்டில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை போசன் மேட் மக்ஃபோர்டுக்கு. கப்பலில் உத்தரவுகளைக் கூவிச் சொல்வதுதான் போசன் மேட்டின் பிழைப்பு. புயலில் பாய்மர உச்சிக்குக் கேட்கிற மாதிரிக் கத்திப் பழகிய மக்ஃபோர்டிடம் போய் ரகசியமாகக் கிசுகிசுக்கச் சொன்னார்கள்.

நாடகத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பிப்புக்குப் பொன்னுக்குவீங்கி வந்தது. இரண்டு கன்னமும் பூசணிக்காயாக வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனான். கமாண்டர் ஒரு மரீன் சிப்பாயைப் பிடித்து நிறுத்தி, கையில் புத்தகத்தைக் கொடுத்தார். இரண்டாம் அங்கம். எட்வின் பிரபு, "உன் பெயர் என்ன, பெண்ணே?" என்று உருகுகிறார். சிப்பாய் சலவைக் கணக்கு படிப்பது மாதிரிப் படித்தான்: "என் பெயரைக் கேட்காதீர்கள் பிரபுவே பெயர் தெரிந்தால் தேடுவீர்கள் தேடினால் அழுவீர்கள்."

மூலையில் உட்கார்ந்து அரபெல்லாவின் மஞ்சள் கவுனுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தான் பட்ஜ். பிப் மூன்று வாரமாக அந்த வசனத்தைக் கொலை செய்ததையும் கேட்டுப் பொறுத்திருந்தான். இதைப் பொறுக்க முடியவில்லை. நாக்கில் சனி உட்கார்ந்தது.

"என் பெயரைக் கேட்காதீர்கள், பிரபுவே," என்றான், தலையைத் தூக்காமலே, பத்தொன்பது வயசுப் பெண்ணின் குரலில். "பெயர் தெரிந்தால் தேடுவீர்கள்." ஒரு மூச்சு விட்டான். "தேடினால் அழுவீர்கள்."

ஒத்திகை நின்றது. "யாருய்யா அது?" என்றார் கமாண்டர்.

"நான்தான் சார். வாய் தவறி வந்துருச்சு."

"இன்னொருவாட்டி வாய் தவறு."

தவறினான். கமாண்டரின் கண் பளபளத்தது. "எங்கய்யா கத்துக்கிட்ட?"

"ஒத்திகையில கேட்டுக் கேட்டு வந்ததுதான் சார்."

"பிப்பும்தான் மூணு வாரமாக் கேட்டான். அவன் வாயாலயே சொல்லிக் கேட்டான். அவனுக்கு வரலையே. சரி, நீதான் அரபெல்லா."

"சார், தாடி இருக்குது சார்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அரபெல்லாவுக்கு நாடகத்துல தாடி கிடையாது."

"அதுக்கு விண்ணப்பம் குடுக்கணும் சார். கேப்டன் பாக்கறதுக்கே நாலு நாள் ஆகும்."

"கேப்டன் சார்பில நான்தான் பாக்கறேன். பாத்தாச்சு. அனுமதி குடுத்தாச்சு. போய் மழிச்சுட்டு வா."

பட்ஜ் கேட்காத அனுமதி பட்ஜுக்குக் கிடைத்தது. கிளெமென்சியில் விண்ணப்பம் இவ்வளவு வேகமாக நகர்ந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

கப்பல் நாவிதன் பதினைந்து வருஷத்தை ஒரு வாளியில் வழித்துப் போட்டான். தழும்பைப் பார்த்து, "என்னண்ணே இது, கொக்கி?" என்றான். சின்ன வயசில் விழுந்தது என்று பட்ஜ் சொன்னான். கெஜட் வாசிக்கிற பழக்கம் நாவிதனுக்கு இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் கண்ணாடியில் தெரிந்தவனைப் பட்ஜுக்குத் தெரியும். ஓடிப்போன ஜேபெஸ் டிரெவின், கொஞ்சம் வயசாகி, அங்கே நின்றான்.

கப்பல் மால்டாவில்தான் நங்கூரம் போட்டிருந்தது; அன்று மாலை வீட்டுக்குப் போனான். முயல் கறி கொதித்துக்கொண்டிருந்தது. ஸ்கொலாஸ்டிகா கரண்டியோடு வந்து கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு வேணும்? வீட்டுக்காரரு கப்பல்ல இருக்காரு."

"ஏய், நான்தான்டி."

"குரல் அவருதுதான். முகத்தை எங்க வாங்கினீங்க?"

"கமாண்டர் மழிக்கச் சொன்னாரு. பொம்பள வேஷம்."

அவள் பக்கத்தில் வந்து, கரண்டி பிடிக்காத கையால் அவன் தாடையைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். பதினோரு வருஷம் கழித்துத் தெரிய வந்த தழும்பை விரலால் தடவினாள். "இந்த முகத்துக்கு வேற ஏதோ பேரு இருக்கும்போல இருக்கே," என்று சொல்லிவிட்டுக் கறியைக் கிளறப் போனாள். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்று அவன் முயல் கறியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் மக்ஃபோர்ட் செய்தி கொண்டுவந்தான். ரகசியமாகத்தான் சொன்னான்; அடுத்த கப்பலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"யோவ் பட்ஜ், கேட்டியா? நேத்து வந்து நங்கூரம் போட்டானுங்களே, அந்தக் கப்பல் கேப்டனும் நாடகத்துக்கு வராராம். மல்வெரர்னு பேரு. முன் வரிசையாம். கல்யாணமே பண்ணிக்காத ஆளு, சிரிக்கவே மாட்டாராம். கமாண்டர் தல கால் புரியாம குதிக்கறாரு."

மல்வெரர் என்ற பெயரைக் கேட்டதும் பட்ஜின் விரலில் ஊசி ஏறியது.

ஓடிப்போன அன்று சிட்னியிலும் இதே நாடகம்தான். கப்பலில் எது ஓடாவிட்டாலும் அரபெல்லா ஓடுவாள். ஊர்ப் பெரிய மனுஷிகள் எல்லாம் சாஃபிஞ்சுக்கு வந்து பார்த்தார்கள். அரபெல்லா வேடம் ஜேபெஸுக்கு. உடுப்பு, பழைய சிக்னல் கொடிகளைத் தைத்த மஞ்சள் கவுன். மஞ்சள் கொடி என்றால் கப்பலில் தொற்றுநோய், கிட்டே வராதே என்று அர்த்தம். மேடையில் பட்டு மாதிரி இருந்தது. நாடகம் முடிகிற நேரத்தில் மழை கொட்டியது. பெண்கள் அலறிக்கொண்டு படகுகளுக்கு ஓடினார்கள். ஜேபெஸுக்கு அந்த நொடியில்தான் யோசனை வந்தது. தொப்பியின் முகத்திரையை இழுத்து விட்டுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து ஓடினான். காவல்காரன் சல்யூட் அடித்தான்.

ஏணியின் தலைப்பில் காவல் அதிகாரி நின்றிருந்தார். கப்பலுக்கு வந்து நாலே நாளான லெப்டினன்ட் மல்வெரர். காவலில் இருந்ததால் நாடகத்தை அவர் பார்க்கவில்லை. நனைந்து நிற்கும் சீமாட்டியைப் பார்த்தார். தன் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினார். கையைப் பிடித்து ஏணியில் இறக்கிவிட்டார். மஞ்சள் கொடியின் அர்த்தம் பாடமாகத் தெரிந்த மனிதருக்கு அது அப்போது நினைவுக்கு வரவில்லை. படகில் கால் வைக்கும்போது, "உங்க பேரு தெரிஞ்சுக்கலாமா?" என்று கேட்டார்.

ஜேபெஸுக்குப் பெண்கள் பேசும் பேச்சு அரபெல்லாவினுடையது மட்டும்தான் தெரியும். நாடகத்திலும் இதே கேள்விதான். அதனால் அதே பதிலைச் சொன்னான். என் பெயரைக் கேட்காதீர்கள், பிரபுவே. பெரிய குடும்பத்தில் ஐந்தாவது மகனாகப் பிறந்த மல்வெரரை அதற்கு முன்னால் யாரும் பிரபுவே என்று அழைத்ததில்லை. குனிந்து அந்தக் கையை முத்தமிட்டார். படகு போய்விட்டது.

நாடக நாள் வந்தது. பின்தளத்தில் நிழல்துணிக்குக் கீழே மேடை. சாயங்கால வெயிலில் பெரிய துறைமுகம் முழுக்கப் படகுகள். அதிகாரிகளும் சீமாட்டிகளும் நாற்காலியில். மாலுமிகள் பீரங்கி மேலும் கயிற்றேணியிலும். முன் வரிசை நடுவில் கேப்டன் மல்வெரர், நரைத்து, விறைத்து, ஒற்றைக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். பட்ஜ் தாடையில் மாவுப் பூச்சை மூன்று விரல்கடை அப்பியிருந்தான். தழும்பு தெரியாது. அது தெரிந்துபோகுமே என்றுதான் நாலு நாளாகச் செத்துக்கொண்டிருந்தான். ஆனால் திரை ஓரத்தில் நின்று அந்தக் கண்ணாடியைப் பார்த்தபோது புரிந்தது: இந்த மனிதர் தழும்பைப் பார்த்ததே இல்லை. அன்று முகத்திரை இருந்தது. இவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம்.

வசனத்தை முழுங்கிவிடுவது என்று முடிவு செய்தான். பதில் சொல்வதற்குப் பதிலாக அரபெல்லா மயக்கம் போட்டு விழுவாள். பெண்கள் மயங்குவது நாடகத்தில் புதிது இல்லையே.

இரண்டாம் அங்கம். எட்வின் பிரபு வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். "உன் பெயர் என்ன, பெண்ணே?"

அரபெல்லா நெற்றியில் கை வைத்துத் தொப்பென்று விழுந்தாள்.

புத்தகத்தில் மயக்கம் இல்லை. புத்தகத்தில் இல்லாத எதையும் கமாண்டர் வாழ்க்கையில் செய்ததில்லை. "உன் பெயர் என்ன, பெண்ணே?" என்று மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது அதில் காதல் கொஞ்சமும் இல்லை. பட்ஜுக்கு வசனம் மறந்துவிட்டது என்று நினைத்த மக்ஃபோர்ட், தன்னால் முடிந்த அளவு மெதுவாக எடுத்துக் கொடுத்தான்.

"என் பேரக் கேக்காதீங்க பிரபுவேஏஏ!"

துறைமுகத்துக்கு அக்கரையில் நாய் குரைத்தது. கயிற்றேணியில் இருந்த நானூறு பேரும் சிரித்தார்கள். "பேரு தெரிஞ்சா தேடுவீங்க..." என்று மக்ஃபோர்ட் அடுத்த வரிக்கும் மூச்சு இழுத்தான். கீழே கிடந்த பட்ஜுக்கு ஒரு பக்கம் சிறை தெரிந்தது. மறுபக்கம் அந்த வரி சந்தையில் மீன் விற்கிற குரலில் சாவதும் கேட்டது. புத்தியுள்ள மனிதன் கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருப்பான். பட்ஜ் நடிகன். எழுந்து உட்கார்ந்தான்.

"என் பெயரைக் கேட்காதீர்கள், பிரபுவே. பெயர் தெரிந்தால் தேடுவீர்கள்." மூச்சு. "தேடினால் அழுவீர்கள்."

சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு சீமாட்டி கைக்குட்டையை எடுத்தாள். முன் வரிசையில் கேப்டன் மல்வெரரின் கண்ணாடி கண்ணிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

நாடகம் முடிந்ததும் பட்ஜ் பாய் அறையில் வந்து உட்கார்ந்து பூச்சைத் துடைத்தான். அவன் எதிர்பார்த்தபடியே கதவு திறந்தது. மல்வெரர் குனிந்து உள்ளே வந்து, கதவைச் சாத்தினார்.

"பேரு?"

"ஈனோக் பட்ஜ் சார்."

"கேக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்ன."

பட்ஜ் எழுந்து நின்றான். மேலே பாதி மாவும் கீழே பாதித் தழும்புமாக இருந்தது முகம்.

"சிட்னி. மழை பேஞ்சுது," என்றார் மல்வெரர்.

"ஆமா சார்."

"என்னோட மேலங்கி என்னாச்சு?"

"ரெண்டு குளிர்காலம் அதுக்குள்ளதான் தூங்கினேன் சார். நல்ல துணி."

"தங்கம் கெடச்சுதா?"

"சேறு கெடச்சுது சார்."

அவர் ஒரு பாய்ச்சுருளின் மேல் உட்கார்ந்தார். "மறுநாள் காலைல ஒரு மாலுமி ஓடிட்டான்னு சொன்னாங்க. மஞ்சள் கவுனக் காணோம்னும் சொன்னாங்க. ரெண்டையும் சேத்துப் பாக்க எனக்கு மனசு வரல. நான் ஒண்ணும் முட்டாள் இல்ல. மனசு வரல, அவ்வளவுதான். சிட்னிக்கு மூணு தடவ லீவு போட்டுட்டுப் போய்த் தேடினேன்."

"அழுதீங்களா சார்?" என்று கேட்டுவிட்டான் பட்ஜ். கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. மல்வெரர் ஒற்றைக் கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"அத இன்னொரு தரம் சொல்லு."

பட்ஜ் சொன்னான். தன் திறமை அத்தனையும் சேர்த்து, மூச்சை அளந்து, குரலைக் குழைத்துச் சொன்னான். மல்வெரர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இல்ல. சிட்னில இதவிட நல்லாச் சொன்ன." எழுந்தார். "உன்ன என்ன செய்யறதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. சனிக்கிழமை மறுபடி போடறீங்களாமே. வரேன்."

அவர் போன பிறகு பட்ஜ் அங்கேயே நின்றான். சிறைக்குப் போக வேண்டியவன் சிறையைத்தான் நினைக்க வேண்டும். அவனுக்கோ, சிட்னியில் இதைவிட நன்றாகச் சொன்னாய் என்பதுதான் முள்ளாகக் குத்தியது. இருபத்திரண்டு வருஷம் உலகம் சுற்றி, மனதுக்குள்ளேயே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துத் தேய்த்து மெருகேற்றிய வசனம் அது.

வெள்ளிக்கிழமை சிசிலிக்குப் போகிற படகுகள் கரையில் நின்றன. பட்ஜ் அவற்றைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போனான். ஸ்கொலாஸ்டிகா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எம் பேரு பட்ஜ் இல்ல. ஜேபெஸ் டிரெவின்." மிச்சத்தையும் சொன்னான்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "அதனாலதான் ஈனோக்னு கூப்பிட்டா மூணாவது தடவைக்குத் திரும்பறீங்களா? நான் உங்களுக்குக் காது மந்தம்னு நெனச்சு பாதிரியார்கிட்ட எண்ணெய் மந்திரிச்சு வாங்கி ஊத்தினேன், பதினோரு வருஷமா."

"கோவம் இல்லையா?"

"எண்ணெய் வீணாப் போச்சேன்னு கோவம் இருக்கு." துணியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். வைத்ததையே மறுபடி எடுத்து மடித்தாள். "மறுபடி ஓடப் போறீங்களா?"

"இல்ல."

"ஓடறதா இருந்தா சொல்லிட்டு ஓடுங்க. கதவத் தாழ் போடணும். இல்லன்னா நாளைக்கு நாடகத்துக்கு ஒரு இடம் சொல்லி வைங்க."

சனிக்கிழமை. முன் வரிசையில் அதே நாற்காலியில் மல்வெரர். பின் வரிசையில், சமையல்காரர்களின் மனைவிமார்களோடு ஸ்கொலாஸ்டிகா. அரபெல்லா மேடை ஏறும்போது பட்ஜின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் ஒன்றோடொன்று தட்டியது. இந்த நடுக்கம் தனக்குப் புதிதல்ல என்று தோன்றியது. எங்கே, எப்போது என்று யோசித்தான். கமாண்டர் மண்டியிட்டு, "உன் பெயர் என்ன, பெண்ணே?" என்று கேட்டபோது பிடிபட்டது. சிட்னியில் மழையில், அந்த லெப்டினன்டின் விரல்கள் தன் உள்ளங்கையின் காய்ப்பைத் தொட்டுவிடுமோ என்று நின்றானே, அந்த நடுக்கம். அன்று அவன் நடிக்கவே இல்லை.

கமாண்டரை விட்டுவிட்டு, முன் வரிசை நாற்காலியைப் பார்த்துச் சொன்னான். குரலைக் குழைக்கவில்லை. மூச்சை அளக்கவில்லை, மூச்சே வரவில்லை. பயந்துபோன ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் கெஞ்சுகிற மாதிரி, தாழ்ந்த குரலில், அந்த வசனம் வந்தது. கயிற்றேணியில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை. மக்ஃபோர்ட் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். பட்ஜ் அவனைப் பார்த்த பார்வையில், முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் போசன் மேட் வாயை மூடிக்கொண்டான்.

மல்வெரர் கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது ஈரமாக இருந்தது.

முடிந்ததும் நடிகர்களை வரிசையில் நிறுத்தி விருந்தினர்களுக்கு அறிமுகம் செய்வது வழக்கம். கமாண்டர் பெருமை பொங்க மல்வெரரை அழைத்து வந்தார். "எங்க அரபெல்லா, சார். நீங்க ரெண்டு தடவ பாத்துட்டீங்க. முன்னாடியே எங்கயோ பாத்த மாதிரி இருக்குன்னு எல்லாருமே சொல்றாங்க."

பட்ஜ் மாவு வழிய நின்றான். மல்வெரர் அவனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"இல்லையே," என்றார், நாலு பேருக்கும் கேட்கும்படி. "இந்தச் சீமாட்டிய இதுக்கு முன்னால நான் எங்கயும் பாத்ததில்ல."

குனிந்து, தார் மணக்கிற அந்தக் கையை எடுத்து முத்தமிட்டார். சிரிக்கவே மாட்டார் என்று பெயர் எடுத்த கேப்டன் வேடிக்கை செய்கிறாரே என்று அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அரபெல்லா சிரிக்கவில்லை. பாவாடையைப் பிடித்து, முறைப்படி முழங்காலை மடக்கி வணங்கினாள். மல்வெரர் தன் படகுக்கு இறங்கிப் போனார். மறுநாள் அவருடைய கப்பல் அலெக்சாண்டிரியாவுக்குக் கிளம்பியது.

"ரெண்டாம் அங்கத்துல உனக்கு என்னய்யா கேடு?" என்று கமாண்டர் பாய் அறை வரைக்கும் வந்து திட்டினார். "உசிரான வசனம். பின்வரிசைக்கு ஒரு எழுத்து கேக்கல. நாடகத்தயே கெடுத்துட்ட." திங்கட்கிழமை ஈனோக் பட்ஜ் சவரம் செய்வதை நிறுத்திக்கொள்ள விண்ணப்பம் கொடுத்தான். காரணம் என்ற இடத்தில் 'இனி நடிப்பதாக இல்லை' என்று எழுதினான். அந்தக் கோபத்திலேயே கமாண்டர் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை செங்லியாவில் ரொட்டியில் தக்காளியைத் தேய்த்து, எண்ணெய் ஊற்றி நீட்டினாள் ஸ்கொலாஸ்டிகா.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தப் பெரிய மனுஷன் கண்ணத் தொடச்சாரே, அந்த எடத்துல நீங்க சொன்னது எங்களுக்கு ஒண்ணும் கேக்கல. என்ன சொன்னீங்க?"

"எம் பேரக் கேக்காதீங்கன்னு சொன்னேன்."

"அதான் எனக்குத் தெரியுமே," என்றாள் அவள். "ஜேபெஸ், உப்பை எடுங்க."

முதல் தடவையிலேயே திரும்பினான்.